கிரியேட்டினின் இறங்கிவிட்டால் கிட்னி சரியாகிவிட்டதா?

ரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கும் எண்களிலேயே கிரியேட்டினினுக்கு நம் ஊரில் கிடைக்கும் மரியாதை தனி. ஐசியு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு வேறு எந்த வேதியியலும் தெரியாது, இது மட்டும் தெரியும். "முந்தாநாள் ஆறு இருந்துச்சுங்க, நேத்து நாலரை, இன்னிக்கு மூணு." அது ஒன்று புள்ளி ஒன்றைத் தொட்ட அன்று பையைக் கட்டிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் தாளில் 'சிறுநீரகச் செயல்பாடு சீரானது' என்று ஒரு வரி இருக்கும். எல்லோருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதி கொஞ்சம் அவசரப்பட்டது என்பது என் கட்சி. அதற்கான ஆதாரம் ரத்தத்தில் இல்லை, திசுவில் இருக்கிறது. கடந்த இருபத்தைந்து வருடங்களாக ஆய்வாளர்கள் அடிபட்ட கிட்னியைச் சீவி, ஸ்லைடில் போட்டு, சாயம் ஏற்றிப் பார்த்து எழுதி வைத்திருப்பதைப் படித்தால், 'குணமானது' என்ற வார்த்தையை நாம் எவ்வளவு சுலபமாகப் பயன்படுத்துகிறோம் என்று தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லை, நம் கல்லூரி ப்ராஜெக்ட்களிலும்தான். அங்கேயும் வருகிறேன்.

பயாலஜி பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்ல மாட்டேன்.

ஒரு உதாரணத்தோடு ஆரம்பிக்கலாம். வயலில் வேலை செய்கிற முப்பத்தைந்து வயது ஆள் ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனை ஆள்தான், ஆனால் அபூர்வமான கதை இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், வருடத்துக்கு ஏறக்குறைய 58,000 பேர் என்று 2020ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும் பங்கு விரியனுக்கு. நாகப்பாம்பும் கட்டுவிரியனும் முக்கியமாக நரம்பைத் தாக்கும். கண்ணாடி விரியன் ரத்தத்தில் கை வைக்கும்: ரத்தம் உறையும் ஏற்பாட்டையே குலைக்கும், பிபி விழும், கிட்னிக்குப் போகும் ரத்தம் குறையும். போதாக்குறைக்கு விஷமே நேரடியாகக் கிட்னி செல்களையும் தாக்கும். இரண்டு நாளில் சிறுநீர் நின்றுபோகும். திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்பது இதுதான். விரியன் இல்லாவிட்டாலும் கடும் வாந்திபேதி, எலிக்காய்ச்சல், களைக்கொல்லி, சில ஆன்டிபயாடிக், கீமோ மருந்து, பெரிய ஆபரேஷன் என்று பல வழிகளில் அதே இடத்துக்கு வந்து சேரலாம்.

நம் ஆளுக்கு விஷமுறிவு மருந்து கொடுத்தார்கள், எட்டு பத்து முறை டயாலிசிஸ் செய்தார்கள், மூன்றாவது வாரம் சிறுநீர் வந்துவிட்டது. கிரியேட்டினின் 1.1. வீடு. (சிலருக்கு விரியன் கடியில் கிட்னியின் வெளிப்பகுதியே மொத்தமாகச் செத்துவிடும். அது இதைவிடக் கொடுமை, அதை இங்கே எடுக்கவில்லை.)

இப்போது உள்ளே போவோம். ஒரு கிட்னியில் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொன்றிலும் ரத்தத்தை வடிகட்டும் ஒரு முடிச்சு, அதற்குப் பின்னால் நீளமாக ஒரு நுண்குழல். வடிகட்டியதில் உப்பு, சர்க்கரை, தண்ணீர் என உடம்புக்கு வேண்டியதையெல்லாம் திரும்ப இழுத்துக்கொள்வது இந்த நுண்குழல்தான். அதன் முதல் பகுதி ராப்பகலாக உழைக்கும் பகுதி. அதன் கடைசித் துண்டு இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் வரத்து எப்போதுமே இழுபறிதான். ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் விழுவதும் அதுதான். செல்களின் மேலே தூரிகை மாதிரி இருக்கும் மயிர்க்கால்கள் உதிரும், செல்கள் செத்துக் குழாய்க்குள் விழும், குழாய் அடைக்கும்.

பிறகு நடப்பது உண்மையிலேயே அழகான விஷயம். தப்பிப் பிழைத்த பக்கத்துச் செல்கள் தங்கள் வேலையை விட்டுவிடும். தூரிகையை மடக்கிவிட்டு, தட்டையாகி, பக்கவாட்டில் பரவி, காலியான இடத்தை மூடும். பிரியும். எண்ணிக்கை நிறைந்ததும் மறுபடி நிமிர்ந்து நின்று, தூரிகையை முளைக்கவைத்து, பழைய வேலைக்குத் திரும்பும். எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் வந்துதான் கிட்னியைச் சரிசெய்கிறது என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். 2008ல் ஹார்வர்டில் சுண்டெலி நெஃப்ரான் செல்களுக்கு நிரந்தர அடையாளம் போட்டு, காயத்துக்குப் பிறகு யார் யார் பெருகுகிறார்கள் என்று பார்த்தபோது, கிட்னியின் சொந்த செல்களே வேலையைச் செய்வது தெரிந்தது. ஆனால் நமக்கும் சுண்டெலிக்கும் புது நெஃப்ரான் உண்டாக்கத் தெரியாது. மனிதனில் அந்தத் தொழிற்சாலை பிறப்பதற்கு முன்பே, கருவின் 36ஆவது வாரவாக்கில், இழுத்து மூடப்படும். வரிக்குதிரை மீனுக்கு வளர்ந்த பிறகும் புது நெஃப்ரான் போடத் தெரியும். மீனைப் பார்த்துப் பொறாமைப்பட இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையின் ஒவ்வொரு கட்டத்திலும் செல்லுக்கு ஒரு முகம் உண்டு. அந்தக் கட்டத்தில் மட்டும் சில புரதங்களை அது செய்யும், சிலவற்றை நிறுத்தும். அந்தப் புரதத்தை ஆன்டிபாடி வைத்துப் பிடித்துப் பழுப்பாகவோ பச்சையாகவோ ஒளிரவைத்தால், ஸ்லைடைப் பார்த்தே 'இந்தச் செல் இப்போது இன்ன கட்டத்தில் இருக்கிறது' என்று சொல்லலாம். திசு மார்க்கர் என்றால் இவ்வளவுதான்.

முதலில் காணாமல் போகிறவை. தூரிகைப் பகுதியில் ஒட்டும் லோட்டஸ் லெக்டின் என்று ஒரு சாயப்பொருள் உண்டு. (பெயரைப் பார்த்துத் தாமரை என்று நினைக்க வேண்டாம், அது ஒரு பயறு வகைச் செடி.) நல்ல கிட்னியில் பளிச்சென்று தெரியும், அடிபட்ட இடத்தில் அழிந்துபோயிருக்கும். மெகாலின் என்ற புரதமும் அப்படியே. பிறகு புதிதாகத் தலைகாட்டுகிறவை: செல் தன் அடையாளத்தைக் கழற்றிவிட்டதைக் காட்டும் விமெண்டின், கருவில் கிட்னி உருவானபோது வேலை செய்துவிட்டுத் தூங்கப்போன சாக்ஸ்9, காயத்தின் முத்திரையான கிம்-1. செல் பிரியும் ஏற்பாட்டில் இறங்கியதும் கேஐ-67. அடிபட்ட எலிக் கிட்னியில் விமெண்டினும் பிரிவுக் குறிகளும் ஒரே பகுதியில் சேர்ந்து தெரிவதை 1994லேயே பாஸ்டன் குழு ஒன்று காட்டிவிட்டது.

இதுவரை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். என் வாதம் இனிமேல்தான். இந்த மார்க்கர்களை நாம் மதிப்பெண் மாதிரி படிக்கிறோம். இது இருந்தால் நல்லது, அது இருந்தால் கெட்டது. அவை மதிப்பெண் இல்லை, தேதி முத்திரை. ஒரே மார்க்கர் மூன்றாம் நாள் நல்ல செய்தி, முப்பதாம் நாள் கெட்ட செய்தி.

வீடு கட்டும் இடத்தில் சாரம் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சவுக்குக் கம்பும் கயிறும். சாரத்தைப் பார்த்தால் 'பரவாயில்லையே, வேலை நடக்கிறது' என்போம். அதே வீட்டில் ஒரு வருடம் கழித்தும் சாரம் அப்படியே நின்றால்? மேஸ்திரி ஓடிவிட்டார், அல்லது காசு தீர்ந்துவிட்டது. கம்பில் எந்த மாற்றமும் இல்லை. அர்த்தம் மாறிவிட்டது.

கிம்-1தான் இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம். 1998ல் எலிக் கிட்னியில் கண்டுபிடித்தார்கள். நல்ல கிட்னியில் தேடினாலும் கிடைக்காது, காயம்பட்டால் ஒன்றிரண்டு நாளில் எக்கச்சக்கமாக ஏறும். 2008ல் அதன் வேலை என்ன என்று தெரிந்தது: அது உள்ள நுண்குழல் செல் பக்கத்தில் செத்துக் கிடக்கும் செல்களை விழுங்கிச் சுத்தம் செய்கிறது. துப்புரவுப் பணி. அப்படியென்றால் நல்ல பையன் என்றுதானே சொல்வோம்? 2013ல் இன்னொரு வேலை செய்தார்கள். காயமே இல்லாமல், கிட்னி செல்களில் கிம்-1 நிரந்தரமாக எரிந்துகொண்டே இருக்கும்படி சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அந்த எலிகளுக்குத் தானாகவே அழற்சி வந்து, தழும்பு படர்ந்து, கிட்னி செயலிழந்தது. விஷம் இல்லை, ரத்த ஓட்டம் குறையவில்லை. அணைய வேண்டிய விளக்கு அணையவில்லை, அவ்வளவுதான்.

சாக்ஸ்9 கதை இன்னும் துல்லியம். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு குழு 2024ல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. காயம்பட்ட செல்கள் எல்லாம் சாக்ஸ்9ஐப் போடுகின்றன. சில, வேலை முடிந்ததும் அணைத்துவிடுகின்றன. அந்த இடங்களில் குழாய் பழையபடி ஆகிறது. சில அணைப்பதே இல்லை. அவற்றைச் சுற்றித்தான் தழும்பு வளர்கிறது. ஒரே கிட்னி, ஒரே காயம், அக்கம்பக்கத்துச் செல்கள், இரண்டு தலையெழுத்து. ஏழாம் நாள் ஸ்லைடை மட்டும் பார்த்துவிட்டு 'சாக்ஸ்9 நிறைய இருக்கிறது, பழுதுபார்ப்பு ஜோராக நடக்கிறது' என்று எழுதினால், இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதாகத்தான் ஆகும்.

கேஐ-67 விஷயத்தில் நாம் ஏமாறுவது இன்னும் அதிகம். 'கேஐ-67 பாசிட்டிவ் என்றால் செல் பிரிகிறது' என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். பிரியும் பாதையில் இறங்கியிருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். போய்ச் சேர்ந்ததா என்று அது சொல்லாது. 2010ல் நேச்சர் மெடிசினில் வந்த கட்டுரை, கடுமையாக அடிபட்ட கிட்னியில் நிறைய செல்கள் டிஎன்ஏவை இரட்டித்துவிட்டு, பிரிவதற்கு ஒரு படி முன்னால் அப்படியே நின்றுவிடுவதைக் காட்டியது. நின்ற செல் சும்மா நிற்காது. தழும்பு போடச் சொல்லும் சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். 2018ல் ஃபுளோரன்ஸ் குழு இன்னொரு குண்டைப் போட்டது: கேஐ-67 காட்டும் செல்களில் பெரும்பாலானவை பிரியவே இல்லை, டிஎன்ஏவை மட்டும் இரட்டித்துக்கொண்டு உடம்பு பெருத்துவிடுகின்றன. உண்மையில் பிரிவது ஒரு சிறு கூட்டம் மட்டுமே என்பது அவர்கள் வாதம். எல்லாச் செல்களுக்கும் அந்தத் திறமை உண்டு என்று சொல்லும் பாஸ்டன் தரப்போடு இதில் அவர்களுக்குப் பழைய வாய்க்கால் தகராறு உண்டு. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையில் கிரியேட்டினின் பக்தர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இழந்த செல்கள் பல திரும்பி வராமலே வடிகட்டும் திறன் மேலே வந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் செல்கள் பெருத்து, கூடுதல் சுமையைத் தூக்குகின்றன.

இது எப்படிச் சாத்தியம் என்று சந்தேகம் வந்தால், கிட்னி தானம் செய்தவர்களை நினைத்துப் பாருங்கள். நெஃப்ரான்களில் சரிபாதியைக் கொடுத்துவிட்டார்கள். கிரியேட்டினின் இரட்டிப்பாகவா ஆகிறது? சற்று ஏறி, பெரும்பாலும் நார்மல் வரம்புக்குள்ளோ அதை ஒட்டியோ நின்றுவிடும். கிட்னிக்கு அவ்வளவு சேமிப்பு இருக்கிறது. ஆரோக்கியமான ஆளைத் தேர்ந்தெடுத்து எடுப்பதால் அவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். ஆனால் கிரியேட்டினின் எதை மறைக்கும் என்பதற்கு அவர்களே சாட்சி.

இன்னொரு ஓட்டையும் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மூன்று வாரம் படுக்கையில் கிடந்து, சரியாகச் சாப்பிடாமல், தசை கரைந்துபோன ஆளுக்குக் கிரியேட்டினின் உற்பத்தியே குறைந்திருக்கும். அவருடைய 1.1ம், கடி படுவதற்கு முன்பு மண்வெட்டி பிடித்துத் திடகாத்திரமாக இருந்தபோதைய 1.1ம் ஒன்று இல்லை. நன்றாகத் தெரிந்த விஷயம்தான். டிஸ்சார்ஜ் நாளன்று யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

சரி, அணையாத செல்கள் பிறகு என்ன ஆகின்றன? 2020ல் செயின்ட் லூயிஸ் நகரத்துக் குழு சுண்டெலிக் கிட்னியின் ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, 4 மணி நேரம், 12 மணி நேரம், 2 நாள், 14 நாள், 6 வாரம் என்று ஐந்து நேரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செல் உட்கருக்களைத் தனித்தனியாகப் படித்தது. பெரும்பாலான செல்கள் பழைய நிலைக்குத் திரும்பின. ஒரு கூட்டம் மட்டும் ஆறு வாரம் கழித்தும் திரும்பவில்லை. 'பழுதுபார்ப்பில் தோற்ற செல்கள்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அவற்றின் அடையாளம் விகாம்-1. இந்தப் புரதம் சாதாரணமாக ரத்தக்குழாய்ச் சுவரில் இருந்துகொண்டு வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்வது. நுண்குழல் செல்லுக்கு அது எதற்கு? கூடவே வெள்ளணுக்களை அழைக்கும் சிசிஎல்2 என்ற சமிக்ஞையையும் அவை செய்கின்றன. அதாவது தீ அணைந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் தினமும் தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டுக்கொண்டே இருக்கிறார். வண்டி வரும். தண்ணீர் அடிப்பார்கள். சுவர் ஊறும்.

எலிக்குச் சரி, மனிதனுக்கு? நியாயமான கேள்வி. திடீர் பாதிப்பு வந்த நோயாளிக்கு வழக்கமாக பயாப்சி எடுப்பதில்லை, அதனால் மனிதத் திசு கிடைப்பது அரிது. அமெரிக்காவில் 2017ல் தேசிய சுகாதார நிறுவனத்தின் பணத்தில் ஒரு திட்டம் தொடங்கி, சம்மதித்த நோயாளிகளிடமிருந்து ஆராய்ச்சிக்காகவே பயாப்சி எடுத்தார்கள். அதையும் சேர்த்து 2023ல் நேச்சரில் வந்த மனிதக் கிட்னி வரைபடத்தில் இதே வகைச் செல்கள் இருந்தன. பாதி வழியில் நிற்பவை, திரும்பியவை, திரும்ப முடியாதவை. ஆரோக்கியமான கிட்னியிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக விகாம்-1 செல்கள் தென்படும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விஷயம் எவ்வளவு, எவ்வளவு நாள் என்பதில்தான்.

இனி நம் வீட்டுக்கதை. வகுப்புத் தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நம் பக்கத்துக் கல்லூரிகளில் வருடா வருடம் ஒரே அச்சில் வார்த்த ப்ராஜெக்ட் ஒன்று வரும். எலிக்கு சிஸ்பிளாட்டினோ ஜென்டாமைசினோ போடுவது. கூடவே நெருஞ்சிலோ மூக்கிரட்டையோ சிறுபீளையோ சாறு எடுத்துக் கொடுப்பது. ஒரு வாரத்திலோ பத்து நாளிலோ எலியை முடித்து, யூரியா, கிரியேட்டினின் பார்த்து, ஒரு எச் அண்ட் ஈ ஸ்லைடு படம் ஒட்டி, 'இச்சாறு சிறுநீரகத்தைப் புதுப்பிக்கிறது' என்று முடிவுரை எழுதுவது. இந்த மூலிகைகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நெருஞ்சிலுக்கும் சிறுபீளைக்கும் சித்த மருத்துவத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றுக்காவது ஒழுங்கான சோதனை செய்ய வேண்டாமா என்பதுதான் என் ஆதங்கம்.

நஞ்சோடு சேர்த்தே, அல்லது அதற்கு முன்பே சாறு கொடுத்தால், நாம் சோதிப்பது பாதுகாப்பை. பழுதுபார்ப்பை இல்லை. நஞ்சு செல்லுக்குள் போகாமலே சாறு தடுத்திருக்கலாம். குடை பிடித்து நனையாமல் வந்தவனைக் காட்டி, துணி எவ்வளவு சீக்கிரம் காய்ந்தது பார் என்று சொல்கிற மாதிரி. பழுதுபார்ப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முதலில் காயம் ஏற்பட வேண்டும், ஏற்பட்டது என்று அளந்து காட்ட வேண்டும், அதற்குப் பிறகு மருந்து தொடங்க வேண்டும். அடுத்தது, எலி தானாகவே தேறும். சாறு குடிக்காத எலியும் இரண்டு வாரத்தில் பெருமளவு தேறிவிடும். அப்படியிருக்க, ஒவ்வொரு நாளுக்கும் சாறு குடிக்காத எலிக்கூட்டம் ஒன்று இல்லாவிட்டால், தேறியது சாற்றாலா காலத்தாலா என்று கடவுளுக்கே வெளிச்சம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பத்தாம் நாளில் முடிந்த ஆய்வுக்குப் 'புதுப்பிக்கிறது' என்று சொல்லும் உரிமையே இல்லை. பத்தாம் நாள் சாரம் இன்னும் நிற்கும் நாள். விமெண்டின், சாக்ஸ்9, கிம்-1 அணைந்தனவா, லெக்டின் திரும்பியதா, விகாம்-1 மிச்சமிருக்கிறதா, ட்ரைக்ரோமில் நீலம் பரவியதா என்பதெல்லாம் நான்கு வாரம், ஆறு வாரம் கழித்துத்தான் தெரியும். ஆறு வாரம் எலிக்குத் தீனி போடக் காசில்லை, செமஸ்டர் முடிந்துவிடும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 'பாதுகாக்கிறது' என்று எழுதுங்கள். அதுவும் நல்ல முடிவுதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாளை ஒரு பத்திரிகைக்காரர் அந்த ப்ராஜெக்ட்டை வைத்து 'கிட்னியைப் புதுப்பிக்கும் மூலிகை' என்று எழுதி, அதைப் படித்துவிட்டு ஒருவர் டாக்டரிடம் போவதை நிறுத்தினால், அந்த ஒரு வினைச்சொல்லில் நமக்கும் பங்கு உண்டு.

இதையெல்லாம் சொன்னபோது எம்பிபிஎஸ் படிக்கும் நண்பன் ஒருவன் சிரித்தான். "ஏன்டா, அந்த விவசாயிக்கு ஊசி போட்டுக் கிட்னியைக் கிள்ளி விகாம்-1 பார்க்கச் சொல்றியா? கிரியேட்டினின் நூறு ரூபாய்க்குப் பார்க்கலாம், அதுதான் நடைமுறை." அவன் பேச்சில் நியாயம் இருக்கிறது. தேறிவிட்ட ஆளுக்கு மார்க்கர் பார்ப்பதற்காக பயாப்சி எடுப்பது அநியாயம், ரத்தக் கசிவு அபாயம் உண்டு. சிறுநீரில் பார்க்கலாமே என்றால், கிம்-1 உடைந்து சிறுநீரில் வருவது உண்மைதான். மருந்துகளின் நச்சுத்தன்மையை எலியில் சோதிக்கும்போது அதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் 2008லேயே ஏற்றன. 2014ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்னொரு சிறுநீர்ச் சோதனை, செல் பிரிவை நிறுத்தும் இரண்டு புரதங்களை அளக்கிறது. அதுவும் வரப்போகும் காயத்தைத்தான் எச்சரிக்கும். பழுதுபார்ப்பு முடிந்ததா என்று சொல்ல, நம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கும்படியான சோதனை எதுவும் கையில் இல்லை.

ஆனால் திசுவிலிருந்து கற்க வேண்டியது 'எதைப் பார்ப்பது' மட்டும் இல்லை, 'எப்போது பார்ப்பது' என்பதும்தான். தோற்ற செல்கள் தங்களைக் காட்டிக்கொள்வது டிஸ்சார்ஜ் நாளில் இல்லை, அதற்குப் பிறகு. சர்வதேச சிறுநீரக வழிகாட்டி அமைப்பான கேடிகோ 2012லேயே சொல்லிவிட்டது: திடீர் பாதிப்பு வந்த ஒவ்வொருவரையும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், தேறினாரா, புதிதாக நாள்பட்ட நோய் வந்திருக்கிறதா என்று. அதற்கு விகாம்-1 வேண்டாம். பிபி, சிறுநீரில் புரதம், மறுபடி ஒரு கிரியேட்டினின். என் நண்பன் சொன்ன அதே நூறு ரூபாய்க் கணக்குத்தான், கூட ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. கொல்கத்தாவிலும் இலங்கையிலும் பாம்புக்கடிக்குப் பிறகு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தேறிப்போனவர்களில் கணிசமானோருக்குப் பின்னாளில் கிட்னிக் கோளாறு தெரிந்தது.

தமிழ்நாடு அரசு 2024ல் பாம்புக்கடியைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல காரியம். கடித்தது எத்தனை, இறந்தது எத்தனை என்று தெரியவரும். கடிபட்டு டயாலிசிஸ் வரை போய்ப் பிழைத்தவர் மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்று யார் பதிவு செய்வது? 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுப்படி ஏறி பிபி பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இந்த ஆட்களையும் சேர்ப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. டிஸ்சார்ஜ் தாளில் 'சீரானது' என்ற வரிக்குக் கீழே ஒரு தேதி எழுதினால் போதும். வலிமாத்திரையைக் கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள் என்று இன்னொரு வரியும் இருந்தால் நல்லது. வயல் வேலைக்குத் திரும்பியவர் இடுப்பு வலிக்கு முதலில் போடுவது அதைத்தான். பாதி தேறிய நுண்குழலுக்கு அது இரண்டாவது கடி.

மூன்று மாதம் கழித்து வரச்சொன்னால் வருவார்களா? ஒருநாள் கூலி போகும், பஸ் காசு ஆகும், 'நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு' என்ற எண்ணம் வேறு. அந்த எண்ணத்தைக் கொடுத்ததே நாம்தானே. 'எல்லாம் சரியாயிடுச்சு ஐயா, கிளம்புங்க' என்று அனுப்பியவரை எந்த முகத்தோடு திரும்பக் கூப்பிடுவது? 'இப்போதைக்கு வேலை செய்யுது ஐயா, உள்ளே ஆறிடுச்சான்னு மூணு மாசம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்' என்பதுதான் உண்மை. சொன்னால் புரியாது என்று நினைப்பது நம் தலைக்கனம். வெட்டுக்காயம் மேலே மூடி உள்ளே சீழ் வைப்பதைப் பார்க்காத விவசாயி யார்?

கடைசியாக, லேபில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ப்ராஜெக்ட்களின் பாரஃபின் பிளாக்குகள் எல்லா டிபார்ட்மென்ட் அலமாரியிலும் டப்பா டப்பாவாகக் கிடக்கின்றன. அவை லேசில் கெடாது. அவற்றில் இருபத்தெட்டாம் நாளைத் தாண்டிய எலிக் கிட்னி யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆன்டிபாடி வாங்கப் பல ஆயிரம் ஆகும், அதற்கு நாலு பேர் சேர்ந்து கையைக் கடித்துக்கொள்ளலாம். முதலில் காசு அதிகம் பிடிக்காத பிஏஎஸ், ட்ரைக்ரோம் இரண்டையும் போட்டுத் தூரிகை திரும்பியதா, நீலம் எங்கே என்று பாருங்கள். நீலம் இருக்கும் இடத்துப் பக்கத்துக் குழாய்களில் விகாம்-1 போடுங்கள். ஒரு எச்சரிக்கை: வடிகட்டும் முடிச்சைச் சுற்றியுள்ள உறையின் செல்களில் விகாம்-1 இயல்பாகவே தெரியும், அதை எண்ணிக்கையில் சேர்த்துவிடாதீர்கள். கிடைத்ததைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், ஒன்றும் கிடைக்காவிட்டாலும் சொல்லுங்கள்.